ஐரோப்பியர் கடல் கடந்து நாடு பிடிக்கப் புறப்பட்டது ஏன்? போர்ச்சுகலை முன்வைத்து ஒரு விவாதம்

வரலாற்று ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பியரின் கடற்பயணங்களைப் பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம், 1453இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைக் கைப்பற்றினர், அதனால் நறுமணப் பொருள்கள் வந்துகொண்டிருந்த தரைவழி அடைபட்டது, ஆகவே ஐரோப்பியர் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டனர் என்ற விடையையே மாணவர்களுக்குச் சொல்லி வருகிறோம். நாமும் அப்படித்தான் படித்தோம். இந்த ஆண்டு ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு இந்த விடை போதவில்லை. "ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடுவது சரி. ஆனால் மிளகு வாங்க வந்தவர்கள் துறைமுகத்தை ஏன் பிடித்தார்கள்?" என்று அவள் கேட்டாள். ஊர் தேடி வந்ததற்கும் ஊரைப் பிடித்ததற்கும் காரணம் ஒன்றுதானா, இரண்டா என்பதே அவள் ஐயத்தின் சாரம். இதை ஆழமாகப் படித்தவர்கள் விளக்கினால் என் வகுப்புக்குப் பெரிதும் உதவும்.

தென்கடல்:

அம்மா, அந்த மாணவிக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள். முதலில் 1453 என்ற ஆண்டைப் பார்ப்போம். அந்த விளக்கம் காலக்கணக்கிலேயே நிற்காது. போர்ச்சுக்கீசியர் மொராக்கோ கரையிலுள்ள சியூட்டாவைப் பிடித்தது 1415இல். கில் ஈயானெஸ் என்பவர் பொஜடோர் முனையைக் கடந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையோரம் தெற்கே சென்றது 1434இல். மதீரா, அசோர்ஸ் தீவுகளில் குடியேற்றங்களும் 1453க்கு முன்பே தொடங்கிவிட்டன. பின்னால் நடந்த ஒன்றை முன்னால் நடந்தவற்றுக்குக் காரணமாகக் காட்ட முடியாது அல்லவா?

அடுத்து, மிளகு வந்த வழியைப் பாருங்கள். மலபார்க் கரையில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக எகிப்துக்கும் சிரியாவுக்கும் போய், அலெக்சாண்டிரியா, பெய்ரூட் துறைமுகங்களில் வெனிஸ் நகர வணிகர்களின் கைக்கு மாறியது. அந்த நாடுகளை அப்போது ஆண்டவர்கள் மம்லூக் சுல்தான்கள். உதுமானியத் துருக்கியர் எகிப்தை வென்றது 1517இல்தான். அதற்குள் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து சென்று பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 15ஆம் நூற்றாண்டு முழுவதும் வெனிஸ் மிளகை வாங்கிக்கொண்டேதான் இருந்தது. சுல்தான் பர்ஸ்பாய் 1420களில் மிளகு வணிகத்தைத் தம் தனியுரிமையாக்கி விலையை ஏற்றினார் என்பது உண்மை. அதனால் வெனிஸ் வணிகர்கள் முணுமுணுத்தார்களே தவிர, வழி அடைபடவில்லை. விலையில் பங்கு கேட்க வேண்டும் என்ற ஆசை வேறு, வழியே இல்லாத நெருக்கடி வேறு.

நெய்தலோன்:

தென்கடல் அவர்கள் தொட்ட சியூட்டாவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால், பிற்காலத்தில் கோவாவிலும் மலாக்காவிலும் நடந்தவற்றின் குணம் முழுவதும் அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

15ஆம் நூற்றாண்டின் போர்ச்சுகல், ஏறத்தாழ பத்து இலட்சம் மக்களே வாழ்ந்த சிறிய நாடு. தென்பகுதியான அல்கார்வை முஸ்லிம் அரசர்களிடமிருந்து 1249இலேயே வென்றுவிட்டதால், ஐபீரியத் தீபகற்பத்துக்குள் பிடிப்பதற்கு இனி நிலம் இல்லை. கிழக்கே, இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டீல் அரசுடன் நடந்த நீண்ட போரும் 1411இல் உடன்படிக்கையில் முடிந்தது. ஆனால் போரையே தொழிலாகவும் வருவாயாகவும் கொண்டிருந்த ஒரு பிரபு வர்க்கம் அப்படியே இருந்தது. மூத்த மகனுக்கு நிலம் போய்விட்டால், இளையவனுக்கு இருந்த வழிகள் அரசனின் படையும் திருச்சபையுமே. போர் ஓய்ந்த நாட்டில் அரசனுக்கு இவர்கள் பெரும் தலைவலி.

முதலாம் ஜோவான் மன்னர், தம் மகன்களுக்கு வீரப்பட்டம் சூட்டுவதற்காகப் பெரும் விழா ஒன்றை எடுக்க எண்ணினார் என்றும், விழாவுக்குக் கொட்டும் பணத்தில் சியூட்டாவையே பிடித்துவிடலாம் என்ற யோசனையைச் சொன்னவர் கருவூல அதிகாரி ஜோவான் அஃபோன்சோ என்றும் அரண்மனை வரலாற்று எழுத்தர் ஜுராரா பதிவு செய்திருக்கிறார். சகாராவைக் கடந்து வரும் பொன்னுக்கும், மத்தியதரைக் கடலின் வாயிலுக்கும் உரிய நகரம் அது. பிரபுக்களுக்கு வேலை, இளவரசர்களுக்குப் புகழ், கருவூலத்துக்கு வருவாய், திருச்சபைக்குப் புனிதப்போர் என்று நால்வரின் விருப்பமும் ஒரே படையெடுப்பில் நிறைவேறும் என்று கணக்கிட்டார்கள்.

நகரம் ஒரே நாளில் வீழ்ந்தது. பெரிய மசூதியைத் தேவாலயமாக்கி, அங்கேயே இளவரசர்களுக்கு வீரப்பட்டம் சூட்டினார்கள். பிறகு நடந்ததுதான் நம் விவாதத்துக்கு முக்கியமானது: நகரத்தைப் பிடித்தார்களே ஒழிய, வணிகத்தைப் பிடிக்க முடியவில்லை. பொன் கொண்டுவந்த வணிகர்கள் வேறு துறைமுகங்களுக்குப் போய்விட்டார்கள். சியூட்டாவின் மதில்களுக்கு உள்ளே இருந்த படைக்கு உணவுகூடக் கப்பலில் அனுப்ப வேண்டியிருந்தது. செலவை ஈடுகட்ட 1437இல் மொராக்கோவின் இன்னொரு நகரமான தாஞ்சியரைத் தாக்கித் தோற்றார்கள். தோல்விக்குப் பிணையாகக் கொடுக்கப்பட்ட இளவரசர் பெர்னாண்டோ, சியூட்டாவைத் திருப்பித் தந்தால் விடுதலை என்ற நிபந்தனை நிறைவேற்றப்படாமலேயே 1443இல் ஃபெஸ் நகரச் சிறையில் இறந்தார். மன்னர் குடும்பம் தன் மகனை இழந்தாலும் நகரத்தை விடவில்லை. கைவிட்டால் மானம் போகும், வைத்திருந்தால் பணம் போகும் என்ற இந்த இக்கட்டிலிருந்துதான், பொன் விளையும் இடத்துக்கே கடல்வழியாகப் போய்விடலாம் என்ற எண்ணம் வலுவடைந்தது.

யாழ்வாசகர்:

நெய்தலோன் அவர்களின் விளக்கம் சிறப்பு. ஆனால் எல்லாவற்றையும் வருவாய்க் கணக்காகவே பார்ப்பது அக்கால மனிதர்களின் உள்ளத்தைத் தவறவிடுவதாகும் என்று அஞ்சுகிறேன். ஜோவான் மன்னரின் மகனும் ஆப்பிரிக்கக் கரையோரப் பயணங்களை நடத்தியவருமான ஹென்றி இளவரசர் 1420 முதல் கிறிஸ்துவின் சபை என்ற போர்த் துறவியர் அமைப்பின் நிர்வாகியாக இருந்தவர். போர்த்துக்கேயக் கப்பல்களின் பாய்களில் நாம் படங்களில் காணும் சிவப்புச் சிலுவை அந்தச் சபையின் சின்னம். பயணங்களுக்கான பணத்தின் ஒரு பகுதியும் அந்தச் சபையின் வருவாயிலிருந்தே வந்தது.

ஜுராரா தம் கினி (மேற்கு ஆப்பிரிக்கா) வரலாற்றில் ஹென்றியின் நோக்கங்களாக ஐந்தைச் சொல்கிறார். பொஜடோருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அறிவது, அங்கே கிறிஸ்தவர்கள் இருந்தால் அவர்களோடு வணிகம் செய்வது, முஸ்லிம்களின் வலிமை எவ்வளவு தொலைவு பரவியிருக்கிறது என்று கண்டுகொள்வது, அவர்களுக்கு எதிராகத் துணைநிற்கக்கூடிய கிறிஸ்தவ அரசன் ஒருவனைத் தேடுவது, ஆன்மாக்களை மீட்பது. இவற்றுக்கு மேல், இளவரசர் பிறந்த நேரத்துக் கிரகநிலையே அவரை இதில் செலுத்தியது என்று ஆறாவது காரணமும் தருகிறார். நம்மவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. வணிகம் ஐந்தில் ஒன்றாகத்தான் வருகிறது, அதுவும் கிறிஸ்தவர்களோடு செய்யும் வணிகமாக. கிழக்கே எங்கோ ஆள்வதாக நம்பப்பட்ட பிரெஸ்டர் ஜான் என்ற கிறிஸ்தவ மன்னனைத் தேடித் தூதர்கள் அனுப்பப்பட்டதை நாம் வெறும் சாக்குப்போக்காகத் தள்ளிவிட முடியுமா?

தென்கடல்:

யாழ்வாசகர் அவர்களே, அது சாக்குப்போக்கு அல்ல என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அவர்கள் நம்பினார்கள். ஆனால் அந்த நம்பிக்கை நடைமுறையில் எதற்கு இடம் கொடுத்தது என்பதையும் அதே ஜுராராவின் நூலிலேயே பார்க்கலாம்.

1444 ஆகஸ்ட் 8 அன்று, தென் போர்ச்சுகலின் லாகோஸ் நகருக்கு வெளியேயுள்ள திடலில், ஆப்பிரிக்கக் கரையில் பிடித்துவரப்பட்ட 235 பேரை நிறுத்திப் பங்கு பிரித்தார்கள். பங்குகள் சமமாக வேண்டும் என்பதற்காகத் தந்தையிடமிருந்து மகனையும், கணவனிடமிருந்து மனைவியையும் பிரித்தார்கள். ஒரு பக்கம் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் எழுந்து பெற்றோரிடம் ஓடினார்கள். தாய்மார்கள் குழந்தைகளை அணைத்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்து, தங்கள் உடம்பில் அடிகளை வாங்கிக்கொண்டார்கள். ஹென்றி இளவரசர் குதிரைமேல் அமர்ந்து தமக்குரிய ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 46 பேரை, பெற்றுக்கொண்டார். இதை எழுதும்போது ஜுராரா கண்கலங்குகிறார்; இவர்களும் ஆதாமின் மக்களே என்கிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, இவர்களின் ஆன்மாக்கள் மீட்கப்பட்டன என்று மகிழ்ந்து இளவரசரைப் புகழ்கிறார். மனிதரின் துயரத்தைத் தெளிவாகக் கண்ட ஒருவரை அந்த நம்பிக்கை அமைதிப்படுத்திவிட்டது. இதைப் படித்த பிறகு, மதமா பணமா என்று பிரித்துக் கேட்பதே எனக்குப் பொருந்தாததாகத் தோன்றுகிறது. 1455இல் ஐந்தாம் நிக்கோலஸ் என்ற போப் வெளியிட்ட ஆணை, அக்கரையோர வணிகத்தின் தனியுரிமையையும், கிறிஸ்தவரல்லாதாரை வென்று அடிமையாக்கும் உரிமையையும் ஒரே ஏட்டில் போர்ச்சுகல் மன்னருக்கு வழங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹென்றி 1460இல் இறந்த பிறகு, 1469இல் மன்னர் இந்த வேலையை பெர்னாவ் கோமெஸ் என்ற லிஸ்பன் வணிகருக்குக் குத்தகைக்கே விட்டுவிட்டார். ஆண்டுக்கு 2,00,000 ரெயஸ் (போர்ச்சுகல் நாணயம்) கட்ட வேண்டும். அத்துடன் ஆண்டுதோறும் 100 லீக் (அக்காலத் தொலைவு அளவை) தொலைவு புதிய கரையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆப்பிரிக்கக் கரையோரம் மிக வேகமாக வரைபடத்தில் ஏறியது இந்தக் குத்தகைக் காலத்தில்தான். அவருடைய ஆட்கள் 1471இல் இன்றைய கானா நாட்டின் பொன் வணிகத்தை எட்டினார்கள். 1482இல், செதுக்கிய கற்களைப் போர்ச்சுகலிலிருந்தே கப்பலில் கொண்டுபோய் அங்கே மினா கோட்டையைக் கட்டினார்கள். எப்போதாவது சந்திக்கும் நண்பர்களின் அன்பு, பக்கத்திலேயே குடியிருப்பவர்களின் அன்பைவிட நீடிக்கும் என்று சொல்லி உள்ளூர்த் தலைவர் அதைத் தவிர்க்கப் பார்த்தார். கோட்டை எழுந்தது. காமாவின் கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்படுமுன் அந்தக் கோட்டையின் பொன் பதினைந்து ஆண்டுகள் லிஸ்பனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கல்வெட்டு ஆர்வலர்:

நண்பர்களே, கடல் கடந்து படையெடுப்பது ஐரோப்பியருக்கு மட்டுமே உரிய இயல்பு என்ற எண்ணம் மாணவர்களிடம் பதிந்துவிடக் கூடாது. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தியதையும், கடாரத்து (இன்றைய மலேசியாவின் கெடா) அரசனின் விச்சாதிரத் தோரணம் என்ற அலங்கார வாயிலைக் கொண்டுவந்ததையும் அவனது மெய்க்கீர்த்தியே பெருமையோடு சொல்கிறது. ஈழத்தில் பொலன்னறுவையைச் சோழர்கள் 1070 வரை கையில் வைத்திருந்தார்கள்.

சீனாவின் எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. செங் ஹே என்ற மிங் அரசுத் தளபதி 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கடற்படையோடு இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார். முதல் பயணத்தில் மட்டும் 27,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். காமாவோடு வந்தவர்கள் ஏறத்தாழ 170 பேர். செங் ஹே இலங்கையில் நாட்டிய, 1409ஆம் ஆண்டிட்ட மும்மொழிக் கல்வெட்டு காலியில் கிடைத்து இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழும் உள்ளது. தமிழ்ப் பகுதி தென்னிலங்கைக் கோயிலொன்றின் இறைவனான தேனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கைகளைப் பட்டியலிடுகிறது. அவரும் முழு அமைதித் தூதர் அல்லர். இலங்கையில் போரிட்டு அரசர் ஒருவரையே சிறைப்பிடித்துச் சென்றார். இருந்தும் கோட்டைகளைக் கட்டித் தங்கவில்லை. 1433க்குப் பின் அரசே பயணங்களை நிறுத்திவிட்டது. வடக்கே மங்கோலியர் அச்சம், பயணச் செலவைப் பற்றி அதிகாரிகளின் கண்டனம் என்று காரணங்கள் உண்டு. ஆகவே கப்பலும் திசைகாட்டியும் இருந்ததால் ஐரோப்பியர் வந்தார்கள் என்ற விளக்கம் செல்லாது. சீனரிடம் இரண்டும் மேலாகவே இருந்தன.

நெய்தலோன்:

கல்வெட்டு ஆர்வலர் ஐயா எடுத்துக்கொடுத்த இந்த ஒப்பீடு, ஆசிரியையின் மாணவி கேட்ட கேள்விக்கு நேராக நம்மைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சீனாவிடம் உலகம் விரும்பிய பட்டும் பீங்கானும் இருந்தன. விற்கப் பொருள் உள்ளவனைத் தேடி வணிகர்கள் தாமே வருவார்கள். போர்ச்சுகலிடம் என்ன இருந்தது?

1498 மே 20 அன்று காமா கள்ளிக்கோட்டைக் கரைக்கு வந்தார். அக்கப்பல்களில் இருந்த ஒருவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. கள்ளிக்கோட்டை அரசரான சாமூதிரிக்குக் கொடுப்பதற்காகக் காமா எடுத்து வைத்தவை: கோடு போட்ட துணி 12 துண்டு, சிவப்புத் தலைமூடி 4, தொப்பி 6, பவள மாலை 4, கைகழுவும் பாத்திரம் 6 கொண்ட பெட்டி ஒன்று, சர்க்கரைப் பெட்டி ஒன்று, எண்ணெய்ப் பீப்பாய் 2, தேன் பீப்பாய் 2. பார்வையிட வந்த சாமூதிரியின் அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகன்கூட இதைவிட மேலானதைத் தருவான், மன்னருக்கு எதையாவது கொடுப்பதானால் பொன்னாகக் கொடுங்கள் என்றார்கள். காமா திரும்பும்போது சாமூதிரி போர்ச்சுகல் மன்னருக்கு அனுப்பிய ஓலையும் இதே செய்தியைத்தான் சொன்னது: என் நாட்டில் இலவங்கப்பட்டை, கிராம்பு, இஞ்சி, மிளகு, மணிகள் உண்டு; உம்மிடம் நான் கேட்பது பொன், வெள்ளி, பவளம், சிவப்புத் துணி.

குஜராத்தியர், மாப்பிள்ளைமார், அரபியர், செட்டிமார், சீனர் எனப் பலரும் கூடி வணிகம் செய்த அந்தக் கடலில், சந்தை விலைக்கு மிளகு வாங்கி ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கொண்டுபோக விரும்பியவருக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது. ஆனால் அந்தச் சந்தையில் வெல்லக்கூடிய பொருள் அவர்களிடம் இல்லை. பீரங்கி பொருத்திய கப்பல் இருந்தது. அதைப் பயன்படுத்தி வருவாய் ஈட்டிப் பழகிய பிரபுக்களும் இருந்தார்கள். 1500இல் இரண்டாவது போர்ச்சுக்கீசியக் கப்பற்படையோடு வந்த தளபதி கப்ரால், முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட பூசலில் தம் பண்டகசாலை தாக்கப்பட்டதும், துறைமுகத்தில் நின்ற கப்பல்களைப் பிடித்து எரித்து நகரத்தின்மீது குண்டு பொழிந்தார். 1502இல் மறுபடி வந்த காமா, மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலொன்றை, பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்கக் கொளுத்தினார்.

அதன்பிறகு உருவானதுதான் கர்தாஸ் என்ற அனுமதிச்சீட்டு முறை. இந்தியப் பெருங்கடலில் செல்லும் கப்பல், போர்ச்சுக்கீசியரிடம் சீட்டு வாங்கி, அவர்களின் கோட்டைத் துறைமுகத்தில் சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும்; சீட்டு இல்லாத கப்பலும் சரக்கும் பறிமுதல். பொதுவழியில் சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்தவன், சாவடிக்குக் காவலும் மதிலும் வைத்துத்தானே ஆக வேண்டும்? கோவா 1510, மலாக்கா 1511, ஓர்முஸ் 1515 என்று போர்ச்சுக்கீசிய ஆளுநர் அல்புகெர்க் பிடித்த இடங்கள் எல்லாம் கடல்வழிகள் குறுகும் முனைகள் அல்லது தளத்துக்கு ஏற்ற தீவுகள். செங்கடல் வாயிலான ஏடனை மட்டும் 1513இல் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. அந்த ஓட்டையின் வழியாக மிளகு பிற்பாடு மறுபடி அலெக்சாண்டிரியாவுக்குப் போனது.

ஆக, தேடி வந்ததற்குப் பொன், மிளகு, மதம், புகழ் எனப் பல காரணங்கள் உண்டு. துறைமுகத்தைப் பிடித்ததற்கு, விலை கொடுத்து வெல்ல முடியாததே தலையாய காரணம் என்பேன்.

யாழ்வாசகர்:

இதை ஏற்கிறேன். ஆனால் உள்ளூர் மக்களைச் செயலற்றவர்களாகக் காட்டிவிட வேண்டாம் என்று ஒன்றைச் சேர்க்கிறேன். முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில், முத்துக்குளிப்பில் தங்களோடு போட்டியிட்ட முஸ்லிம்களுக்கும் தங்களை நெருக்கிய ஆட்சியாளர்களுக்கும் எதிராகப் பாதுகாப்புத் தேடித் தாங்களே கொச்சிக்குத் தூது அனுப்பினார்கள். திருமுழுக்கு அந்தப் பாதுகாப்போடு சேர்ந்தே வந்தது. பிரான்சிஸ் சேவியர் 1542இல் அக்கரைக்கு வந்தபோது, அங்கே ஏற்கெனவே பெருந்தொகையான கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கொச்சி அரசரும் சாமூதிரியின் மேலாதிக்கத்திலிருந்து விடுபடவே போர்த்துக்கேயருக்கு இடம் கொடுத்தார். இந்த உள்ளூர்ப் பகைகள் இல்லாவிட்டால், சில ஆயிரம் பேர் கொண்ட ஓர் அந்நியப் படை இவ்வளவு நீண்ட கரையில் ஒரு தலைமுறைகூட நிலைத்திருக்காது. கடற்கரைக் கோட்டை நாளடைவில் நிலத்தை விழுங்கும் என்பதை எங்கள் மண்ணே கண்டது. போர்த்துக்கேயர் முதலில் கேட்டது திறையும் மதம் பரப்பும் உரிமையுமே. 1619இல் யாழ்ப்பாண அரசே இல்லாமற்போனது, சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான்.

வரலாற்று ஆசிரியை:

உங்கள் அனைவருக்கும் நன்றி. காமா கொண்டுவந்த பரிசுப் பட்டியலை அப்படியே வகுப்பில் வாசிக்கப் போகிறேன். ஒரே ஒரு ஐயம் மிஞ்சியிருக்கிறது. விற்கப் பொருள் இல்லாததே காரணம் என்றால், ஸ்பெயின் அமெரிக்காவில் செய்ததை எப்படி விளக்குவது? அங்கே பங்கு கேட்கக் கடல் வணிகமே இருக்கவில்லையே?

தென்கடல்:

சரியான கேள்வி. ஸ்பானியருக்கு முன்மாதிரி கேனரித் தீவுகள். 1402இல் தொடங்கி 1496இல் தெனெரிஃபே வீழும்வரை, அங்கிருந்த குவாஞ்சே மக்களை வென்று, நிலத்தைப் பங்கிட்டு, கரும்பு பயிரிட்டார்கள். 1492 ஜனவரியில் ஸ்பெயினின் கடைசி முஸ்லிம் அரசான கிரனாடா வீழ்ந்ததும், பிரபுக்களுக்குப் போர் இல்லாமற்போன, போர்ச்சுகலில் 1411க்குப் பின் இருந்த அதே நிலை காஸ்டீலில் உண்டானது. கொலம்பஸோடு ஏப்ரலில் செய்த ஒப்பந்தம் அவருக்கு வருவாயில் பத்தில் ஒரு பங்கையும் ஆளுநர் பதவியையும் உறுதியளித்தது. கண்டுபிடிப்பதற்கு முன்பே ஆள்வதற்கான பதவி எழுதப்பட்டுவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

பின்னால் வந்தவர்களும் சம்பளப் படைவீரர்கள் அல்லர். 1532இல் இன்கா பேரரசை வெல்லப் புறப்பட்ட பிசாரோவோடு, இன்றைய பெருவின் கஹமார்க்காவில் நின்ற 168 பேரும், குதிரைக்கு இவ்வளவு, காலாளுக்கு இவ்வளவு என்று கொள்ளையில் பங்கு பேசிக்கொண்டு, பலர் கடன்பட்டுப் புறப்பட்டவர்கள். கடன்பட்டவன் வெறுங்கையோடு ஊர் திரும்ப முடியாது. அவர்கள் வென்றதற்கு 1520இல் மெக்சிகோவில் பரவிய பெரியம்மையும், மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்கியரை வெறுத்த தலஸ்கலா மக்களின் துணையும் பெருங்காரணங்கள். எஃகும் குதிரையும் அவற்றுக்கு அடுத்தபடிதான்.

இனி உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் வரி விதிக்கக் கடல் வணிகம் இல்லாததால், ஸ்பானியர் மனிதரின் உழைப்பைப் பறித்தார்கள். 1545இல் இன்றைய பொலிவியாவின் பொட்டோசி மலையில் வெள்ளி கண்டறியப்பட்டது. 1570களில், ஆண்டிஸ் மலைநாட்டு ஊர்கள் முறைவைத்து ஆட்களைச் சுரங்கத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. அந்த வெள்ளி 1571க்குப் பின் மணிலா வழியாகச் சீனப் பட்டுக்கு விலையாகப் போனது. லிஸ்பனிலிருந்து புறப்பட்ட கப்பல்களிலும் நாணயமாக ஏறிக் கொச்சிக்கும் கோவாவுக்கும் வந்தது. சாமூதிரியின் அதிகாரிகள் 1498இல் கேட்டது பொன். ஐரோப்பாவிடம் அன்று இல்லாத அந்த விலைமதிப்புள்ள சரக்கை, அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் வெள்ளியாகத் தோண்டிக் கொடுத்தவர்கள் பொட்டோசியின் சுரங்கத் தொழிலாளர்கள்.